5 வோல்ட்டுக்குப் பின்னால் ஒருவர்

மலருக்கு ஒரு கட்டுரை வேணும் என்று சங்கத்திலிருந்து போன் வந்தபோது, வழக்கம்போல ஹாஸ்டல் மெஸ் சாம்பாரைப் பற்றி எழுதிவிடலாம் என்றுதான் நினைத்தேன். போன மலரைப் புரட்டிப் பார்த்தால், மூன்று பேர் ஏற்கெனவே அதைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறார்கள். ஆகவே நான் லேப் பக்கம் ஒதுங்குகிறேன். மெக்கானிக்கல், சிவில் நண்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். உங்களுக்கும் புரிகிற மாதிரிதான் சொல்லப் போகிறேன்.

எலக்ட்ரானிக்ஸ் லேபில் நம் எல்லோர் கையிலும் ஒரு தடவையாவது பட்ட சாமான் ஒன்று உண்டு. மூன்று கால், மேலே ஓட்டை போட்ட ஒரு தகடு. பெயர் 7805. ஒரு காலில் 9 வோல்ட்டோ 12 வோல்ட்டோ கொடுத்தால், இன்னொரு காலில் சுத்தமாக 5 வோல்ட் வரும். வைவாவில் கேட்பார்கள், சொல்வோம், மார்க் வாங்குவோம். இந்த மூன்று கால் சமாச்சாரத்தை முதலில் செய்து காட்டிய ஆள் யாருன்னு நாம் யாரும் கேட்டதில்லை. நானும்தான். அவருடைய வேலையைக் கொஞ்சம் முன்னாலேயே படித்திருந்தால், ஒரு நல்ல மனிதர் மேல் நான் வீண் பழி போட்டிருக்க மாட்டேன். அது கடைசியில் வருகிறது. முதலில் பாப் விட்லர் கதை.

ராபர்ட் ஜான் விட்லர் 1937 நவம்பர் 30ஆம் தேதி அமெரிக்காவில் ஓஹயோ மாநிலம் கிளீவ்லாண்டில் பிறந்தார். அப்பா உள்ளூர் ரேடியோ நிலையத்தில் இன்ஜினியர். அவர் எந்தக் காலேஜிலும் படித்து அந்த வேலைக்கு வந்தவரில்லை, தானாகவே கற்றுக்கொண்டவர். வால்வும் சோல்டர் வாசனையும் உள்ள வீட்டில் பையன் வளர்ந்தான். 1958ல் விமானப்படையில் சேர்ந்தார். அங்கே சிப்பாய்களுக்கு எலக்ட்ரானிக்ஸ் சொல்லிக் கொடுக்கிற வேலை. பாடம் நடத்தப் புத்தகம் வேண்டுமே, செமிகண்டக்டர் சாதனங்களைப் பற்றித் தானே ஒன்றை எழுதிவிட்டார். அப்போது அவர் கையில் டிகிரி கிடையாது.

1961ல் படையிலிருந்து வெளியே வந்து, கொலராடோவில் போல்டர் என்ற ஊரில், விண்வெளித் துறையான நாசாவுக்குக் கருவி செய்து தரும் ஒரு கம்பெனியில் சேர்ந்தார். வேலை பார்த்துக்கொண்டே அங்குள்ள கொலராடோ பல்கலைக்கழகத்தில் படித்து, 1963ல் நல்ல மார்க்கோடு டிகிரி வாங்கினார்.

அதே வருடம் கலிபோர்னியாவில் ஃபேர்சைல்ட் கம்பெனிக்கு இன்டர்வியூ. அதைப் பற்றி அந்தத் துறையில் காலகாலமாக ஒரு கதை ஓடுகிறது. ஆள் கொஞ்சம் போட்டுக்கொண்டு வந்தாராம். வந்தவர், நீங்கள் செய்கிற அனலாக் சர்க்யூட் எல்லாம் சுத்த வேஸ்ட் என்று அவர்கள் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாராம். நம் ஊராக இருந்தால் வாட்ச்மேனைக் கூப்பிட்டிருப்பார்கள். அவர்கள் வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள்.

அவர் சொன்னதில் விஷயம் இருந்தது. அந்தக் காலத்தில் ஐ.சி. செய்தவர்கள், போர்டில் தனித்தனியாகச் சோல்டர் செய்த சர்க்யூட்டை அப்படியே சுருக்கிச் சிலிக்கான் மேல் வைக்கப் பார்த்தார்கள். போர்டில் ரெசிஸ்டர் மலிவு, டிரான்சிஸ்டர் விலை. சிலிக்கானில் கணக்கு தலைகீழ். ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும் ஏகப்பட்ட இடத்தை அடைக்கும். டிரான்சிஸ்டர் குட்டியூண்டு. அதுவும் பக்கத்தில் பக்கத்தில் செய்த இரண்டு டிரான்சிஸ்டர்கள் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி ஒரே குணத்தோடு இருக்கும். இந்த இரட்டைக் குணத்தை முதலாக வைத்து வியாபாரம் செய்தவர் விட்லர். மிகச் சின்ன கரன்ட் வேண்டுமென்றால் பெரிய ரெசிஸ்டர் போட வேண்டாம், இரண்டு டிரான்சிஸ்டரும் ஒரு சின்ன ரெசிஸ்டரும் போதும் என்று காட்டினார். அதற்கு இன்றைக்கும் விட்லர் கரன்ட் சோர்ஸ் என்றுதான் பெயர். நாம் பரீட்சைக்கு வரைந்திருக்கிறோம். அந்தப் பெயருக்குப் பின்னால் இப்படி ஒரு ஆள் இருந்தது நமக்குத் தெரியாது.

டேவிட் டால்பர்ட் என்ற ப்ராசஸ் இன்ஜினியர் அவருக்குக் கூட்டாளி. விட்லர் வரைவார், டால்பர்ட் சிலிக்கானில் செய்து கொடுப்பார். 1964ல் 702, 1965ல் 709 என்று இரண்டு ஆப்-ஆம்ப் ஐ.சி.க்கள் வந்தன. 709 உலகம் பூராவும் ஓடியது. விட்லருக்கு அப்போது வயது 28.

ஆனால் 709க்கு ஒரு கெட்ட பழக்கம். வெளியே சரியான கெப்பாசிட்டரும் ரெசிஸ்டரும் போடாவிட்டால், ஆம்ப்ளிஃபையராக இருக்க வேண்டியது ஆசிலேட்டராக மாறிப் பாட ஆரம்பித்துவிடும். இது ஏன் என்று இங்கேயே சொல்லிவிடுகிறேன். மொத்தக் கதையும் இதில்தான் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும் நேரத்தில் ஹாஸ்டல் டி.வி. ஞாபகம் இருக்கிறதா? படம் புள்ளி புள்ளியாக வரும். ஒருத்தன் மொட்டை மாடியில் ஆண்டெனாவைத் திருப்புவான். ஒருத்தன் டி.வி. முன்னால் நின்று பார்ப்பான். நடுவில் மாடிப்படியில் ஒருத்தன் நின்று கீழே கேட்டதை மேலே கத்துவான். படம் தெளிவானதும் கீழே இருப்பவன் சொல்கிறான். அது படிக்கட்டைத் தாண்டி மேலே போய்ச் சேர்வதற்குள் மாடியில் இருப்பவன் இன்னும் கால் சுற்று திருப்பிவிடுவான். படம் மறுபடி போச்சு. இந்தப் பக்கம் திருப்பு என்று கத்துவார்கள். அவன் திருப்புவான், அந்தப் பக்கம் தாண்டிப் போய்விடும். கடைசிப் பாட்டு முடியும் வரை ஆண்டெனா ஆடிக்கொண்டே இருக்கும்.

இதுதான் ஆசிலேஷன். தப்பைத் திருத்துகிற ஆள் இருக்கிறான், சேதியும் வருகிறது. ஆனால் சேதி தாமதமாக வருகிறது, திருத்துகிறவன் அவசரப்படுகிறான். தாமதமும் அவசரமும் சேர்ந்தால், திருத்தமே தப்பாகிவிடும். இதற்கு வழி, மாடியில் இருப்பவன் மெல்லத் திருப்ப வேண்டும். அப்போது படம் நிச்சயம் நிலைக்கும், ஆனால் அதற்குள் இரண்டு பாட்டு போய்விடும். நிதானமா வேகமா, இரண்டில் எவ்வளவு எவ்வளவு? ஃபீட்பேக் சர்க்யூட் செய்கிற ஒவ்வொருவனுக்கும் இந்தக் கேள்வியிலிருந்து தப்பிக்க முடியாது.

709க்குப் பிறகு விட்லர் 1967ல் எல்.எம்.101 செய்தார். அதற்கு வெளியே ஒரே ஒரு 30 பிக்கோ ஃபாரட் கெப்பாசிட்டர் போதும். 1968ல் ஃபேர்சைல்டில் டேவ் ஃபுல்லகர் அதே 30 பிக்கோ ஃபாரட்டை ஐ.சி.க்குள்ளேயே வைத்துவிட்டார். அதுதான் நம் 741. எதுவும் வெளியே போட வேண்டாம், ஆடாது. அதனால்தான் மாணவர்கள் கையில் அதைக் கொடுத்தார்கள். ஆனால் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் சுதந்திரம் நம் கையை விட்டுப் போனது. விட்லர் கெப்பாசிட்டரை வெளியே விட்டது அந்தச் சுதந்திரத்தை உபயோகிப்பவரிடம் கொடுத்த மாதிரி. 741 அதை வாங்கிக்கொண்டு நிம்மதியைக் கொடுத்தது. உலகம் நிம்மதியைத்தான் அதிகம் வாங்கியது.

நிற்க. 1965 கடைசியில் விட்லரும் டால்பர்ட்டும் ஃபேர்சைல்டை விட்டு நேஷனல் செமிகண்டக்டர் பக்கம் போய்விட்டார்கள். ஏன் போகிறீர்கள் என்று கேட்டு ஒரு நீளமான படிவம் கொடுத்தார்களாம். இவர் எல்லாக் கேள்வியையும் விட்டுவிட்டு, பணக்காரன் ஆகணும் என்ற பொருளில் ஒரே வரி எழுதிக் கொடுத்தார் என்பார்கள்.

நேஷனலில்தான் நம் கதாநாயகன் பிறக்கிறான். 1966ல் எல்.எம்.100 என்ற வோல்ட்டேஜ் ரெகுலேட்டர் ஐ.சி. வந்தது. அதற்குக் கூடவே நாலைந்து சாமான் வெளியே போட வேண்டும், அதிக கரன்ட் வேண்டுமென்றால் வெளியே தனி டிரான்சிஸ்டரும் வேண்டும். பெரிய கரன்டைத் தாங்கும் டிரான்சிஸ்டர் சூடாகும். அந்தச் சூட்டுக்குப் பக்கத்தில், ஒரே சிலிக்கான் துண்டில், அசையாத அளவுகோல் வோல்ட்டேஜை எப்படி வைப்பது? அடுப்பு மேடையில் ஐஸ்கட்டி வைத்த மாதிரி. முடியாது என்றே பலரும் நினைத்திருந்தார்கள்.

விட்லர் 1969ல் எல்.எம்.109 மூலம் முடியும் என்று காட்டினார். மூன்றே கால். 5 வோல்ட். ஒரு ஆம்பியர். சூட்டுப் பிரச்சினைக்கு அவர் செய்தது அழகான கணக்கு. டிரான்சிஸ்டரின் பேஸ்-எமிட்டர் வோல்ட்டேஜ், ஒரு டிகிரி சூடு ஏறினால் சுமார் 2 மில்லிவோல்ட் இறங்கும். அதே சமயம் வேறு வேறு கரன்ட் அடர்த்தியில் ஓடும் இரண்டு டிரான்சிஸ்டர்களுடைய பேஸ்-எமிட்டர் வோல்ட்டேஜ்களின் வித்தியாசம், சூடு ஏறினால் ஏறும். இறங்குவதையும் ஏறுவதையும் சரியான விகிதத்தில் கூட்டினால் மிச்சம் சுமார் 1.2 வோல்ட், கிட்டத்தட்ட அசையாமல் நிற்கும். இந்த யோசனைக்கு 1964லேயே ஃபேர்சைல்டில் ஹில்பிபர் என்பவர் வழி காட்டியிருந்தார். அதைக் கடையில் விற்கிற ஐ.சி.யில் கொண்டு வந்து நிறுத்தியவர் விட்லர். பேண்ட்கேப் ரெஃபரன்ஸ் என்ற பெயரில் 7805க்குள்ளும் அதுதான் இருக்கிறது, உங்கள் பையில் இருக்கும் செல்போனுக்குள்ளும் அந்த வம்சம்தான் இருக்கிறது. அதோடு, அளவுக்கு மேல் சூடானால் தன்னைத் தானே அணைத்துக்கொள்ளும் ஏற்பாட்டையும் அதே துண்டில் வைத்தார்.

இன்னொன்று. சர்க்யூட் வரைந்தோம், முடிந்தது என்று அவர் போகவில்லை. தன் ஐ.சி.க்களுக்கான டேட்டா ஷீட், உபயோகக் குறிப்பு எல்லாவற்றையும் உட்கார்ந்து எழுதினார். எல்.எம்.109 டேட்டா ஷீட்டில், ஃபில்டர் கெப்பாசிட்டர் 4 அங்குலத்துக்கு மேல் தள்ளியிருந்தால் இன்புட்டில் ஒரு கெப்பாசிட்டர் போடு என்று இருக்கும். அவுட்புட்டில் கெப்பாசிட்டர் இல்லாவிட்டாலும் ஆடாது, ஆனால் போட்டால் திடீர் லோடைச் சமாளிக்க நல்லது என்றும் இருக்கும். நிதானமும் வேகமும் பற்றி இரண்டு வரி. படிக்கிறவன் படித்தால் சரி.

மனிதர் குணம் எப்படி? குடி அதிகம். பேச்சு காரம். 1970ல் கம்பெனி சிக்கனம் பார்த்துப் புல்வெட்டும் செலவைக் குறைத்ததும், தன் காரில் ஒரு ஆட்டை ஏற்றிக்கொண்டு வந்து கம்பெனி வாசல் புல்தரையில் மேயவிட்டு, போட்டோவும் எடுக்க வைத்தார். பின்னாளில் அது ஒரு வெள்ளாடு என்றே பேச்சு பரவிவிட்டது. அங்கேயே வேலை பார்த்த பாப் பீஸ் அது செம்மறி ஆடுதான் என்று தெளிவுபடுத்தி எழுத வேண்டியிருந்தது. யாராவது உரக்கப் பேசினால் அந்தச் சத்தத்தைப் பிடித்துக் காதைக் குடையும் கீச்சொலியாகத் திருப்பித் தரும் ஒரு பெட்டியைத் தன் அறையில் வைத்திருந்தார். வந்தவர் குரலைத் தாழ்த்தினால் கீச்சொலி நின்றுவிடும். அதுவும் ஒரு ஃபீட்பேக்தான்!

எனக்கு மிகப் பிடித்தது இன்னொரு பழக்கம். ஒரு கெட்டுப்போன கெப்பாசிட்டரோ கன்ட்ரோலோ அவரை மணிக்கணக்கில் அலைக்கழித்ததென்று கண்டுபிடித்துவிட்டால், அதை டப்பாவில் போட மாட்டார். இரும்பின் மேல் வைத்துச் சம்மட்டியால் தூளாகிற வரை அடிப்பார். அது மறுபடி யாரையும் ஏமாற்றக் கூடாது. அந்தத் துறையில் இதற்கு விட்லரைஸ் செய்வது என்றே ஒரு வினைச்சொல் உண்டு. கவனியுங்கள், எந்தச் சாமான் என்று உறுதியான பிறகுதான் சம்மட்டி.

1970 டிசம்பரில், 33 வயதில், விட்லரும் டால்பர்ட்டும் ராஜினாமா செய்தார்கள். பங்குகளை விற்ற பணம் கையில் பெரிசாக இருந்தது. படிவத்தில் எழுதியது நடந்துவிட்டது. மெக்சிகோவில் புவர்ட்டோ வயார்ட்டா என்ற கடலோர ஊரில் போய்க் குடியேறினார். ஆனால் சும்மா இருக்க முடியவில்லை. சில வருடத்தில் ஆலோசகராக நேஷனலுக்கே திரும்பினார். 1970களின் பிற்பகுதியில் எல்.எம்.10 வந்தது. 1.1 வோல்ட்டில், அதாவது ஒரே ஒரு டார்ச் பேட்டரி செல்லில் வேலை செய்யும் ஆப்-ஆம்ப், கூடவே ரெஃபரன்ஸும். 1981ல் லீனியர் டெக்னாலஜி கம்பெனியை ஆரம்பித்தவர்களில் ஒருவர். அங்கேயும் ஒத்துப்போகவில்லை, சில வருடத்தில் வெளியே வந்துவிட்டார். மறுபடி நேஷனலுக்காக வேலை செய்தார். 1991 பிப்ரவரி 27ஆம் தேதி புவர்ட்டோ வயார்ட்டாவில் ஓட்டப் பயிற்சி செய்துகொண்டிருந்தபோது மாரடைப்பு. 53 வயது.

இனி என் கதைக்கு வருகிறேன். எல்.எம்.109 போன்றவற்றுக்கு ஒரு செலவு உண்டு. 5 வோல்ட் வேண்டுமென்றால் 7 வோல்ட்டாவது கொடுக்க வேண்டும். 2 வோல்ட் சூடாகப் போய்விடும். பேட்டரியில் ஓடும் சாமானுக்கு இது கட்டுப்படியாகாது. அதனால் சில பத்தில் ஒரு பங்கு வோல்ட் வித்தியாசத்திலேயே வேலை செய்யும் லோ-டிராப்அவுட் ரெகுலேட்டர்கள் வந்தன. எல்.டி.ஓ. என்பார்கள். இதில் பாஸ் டிரான்சிஸ்டரின் எமிட்டர் இன்புட் பக்கம், கலெக்டர் அவுட்புட் பக்கம்.

இப்படித் திருப்பியதில் ஒரு வினை இருக்கிறது. பழைய முறையில் எமிட்டர் அவுட்புட்டில் இருந்தது. அவுட்புட் கொஞ்சம் தாழ்ந்தாலே டிரான்சிஸ்டர் தானாகக் கூடுதல் கரன்ட் கொடுக்கும், மேலிடத்து உத்தரவுக்குக் காத்திருக்காது. கலெக்டருக்கு அந்த உணர்ச்சி இல்லை. எர்ரர் ஆம்ப்ளிஃபையர் சொன்னால்தான் செய்யும். போதாக்குறைக்கு அவுட்புட் கெப்பாசிட்டரே இன்னொரு தாமதம். ஆண்டெனா கதையில் மாடிப்படியில் இன்னொருத்தன் கூடிவிட்டான். பழைய எல்.டி.ஓ.க்கள் இதிலிருந்து தப்பித்தது கெப்பாசிட்டருக்குள்ளே ஒளிந்திருக்கும் சின்ன ரெசிஸ்டன்ஸை நம்பி. கரன்ட் மாறிய அந்த நொடியே அதில் ஒரு சின்ன வோல்ட்டேஜ் மாற்றம் வரும். கெப்பாசிட்டர் மெதுவாக இறங்குவதற்கு முன்பே வந்து சேரும் முன்தகவல் அது. அந்த முன்தகவலால்தான் லூப் ஆடாமல் நிற்கிறது.

அதுவும் அளவோடு. 300 மில்லி ஆம்பியர் லோடு திடீரென்று ஏறி, லூப் விழித்துக்கொள்ள 3 மைக்ரோ செகண்ட் ஆகிறதென்று வைப்போம். 10 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டரில் 90 மில்லிவோல்ட் இறங்கும். உள் ரெசிஸ்டன்ஸ் 0.1 ஓம் என்றால் அதற்கு மேல் 30 மில்லிவோல்ட்தான். 1 ஓம் என்றால் 300 மில்லிவோல்ட், போர்டு ரீசெட் ஆகிவிடும். கூடினால் சரிவு, குறைந்தால் ஆட்டம்.

ஒரு சின்ன கம்பெனியில் எலக்ட்ரானிக் தராசுக்கு போர்டு டிசைன் செய்துகொண்டிருந்தேன். டாண்டலம் கெப்பாசிட்டர் விலை என்று பர்ச்சேஸில் சொன்னார்கள். அதே 10 மைக்ரோ ஃபாரட், செராமிக்கில் போடலாமா என்று கேட்டார்கள். மதிப்பு ஒன்றுதானே, கையெழுத்துப் போட்டேன். அந்த லாட்டில் தராசு தாவ ஆரம்பித்தது. ஒன்றுமே வைக்காத தட்டில் கடைசி இலக்கம் ஆடிக்கொண்டே இருக்கும். நான் போர்டுகளைப் பார்த்தேன். சோல்டர் பக்கம் ஃப்ளக்ஸ் கறை. டெக்னீஷியன் சரியாகக் கழுவவில்லை என்று ரிப்போர்ட் எழுதினேன். அவர் என்னைவிட மூத்தவர். கழுவித்தான் சார் வைத்தேன் என்று ஒரு தடவை சொன்னார், அப்புறம் பேசவில்லை. பேக்கிங் பிரிவுக்கு மாற்றினார்கள். ஒரு மாதத்தில் வேலையை விட்டுப் போய்விட்டார்.

அடுத்த லாட்டும் தாவியது. அப்போதுதான் 3.3 வோல்ட் லைனில் ஆசிலோஸ்கோப்பை வைத்தேன். நேர்கோடு இருக்க வேண்டிய இடத்தில் அலை. டேட்டா ஷீட்டின் பின்பக்கங்களில், கெப்பாசிட்டரின் உள் ரெசிஸ்டன்ஸ் இதற்குக் கீழே போகக் கூடாது என்று ஒரு கிராஃப். செராமிக்கில் அது கிட்டத்தட்ட இல்லவே இல்லை. யாரோ ஒருவர் விட்லர் மாதிரி உட்கார்ந்து எனக்காக எழுதி வைத்திருக்கிறார். நான் பக்கத்தைத் திருப்பவில்லை. கெப்பாசிட்டரோடு தொடராக அரை ஓம் ரெசிஸ்டர் ஒன்று போட்டேன். கோடு நேரானது. தராசு நின்றது. லோடு ஏறி இறங்கும்போதும் பார்த்தேன், ஒரு சின்னச் சரிவு, உடனே சமன், ஆட்டம் இல்லை.

விட்லர் சம்மட்டி எடுப்பதற்கு முன்னால் சாமானைக் கண்டுபிடித்தார். நான் கண்டுபிடிக்கும் முன்பே மனிதர் மேல் அடித்துவிட்டேன்.

விலாசம் விசாரித்து அவர் வீட்டுக்குப் போனேன். சோல்டர் குறை இல்லை, என் குறைதான் என்று சொன்னேன். ரிப்போர்ட்டை மாற்றி எழுதிக் கொடுத்ததையும் சொன்னேன். அவர் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. உள்ளே பார்த்துக் காபி கொண்டு வரச் சொன்னார். டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு, எத்தனை ஓம் போட்டீங்க சார் என்று மட்டும் கேட்டார். சொன்னேன். தலையாட்டிக்கொண்டார்.

இந்த முறை சந்திப்பில் பழைய லேபைத் திறந்து காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். டிராயரில் எங்காவது ஒரு 7805 கிடந்தால் கையில் எடுத்துப் பாருங்கள். வைவாவில் கேட்காத கேள்விக்கு இப்போது உங்களுக்குப் பதில் தெரியும். கூடவே ஏதாவது டேட்டா ஷீட் கிடைத்தால், தயவுசெய்து கடைசிப் பக்கம் வரை புரட்டுங்கள்.